பழுதான வாக்குச்சீட்டு

வாக்குச்சாவடியில் தரப்பட்ட சீட்டை வாக்காளர் கைதவறிக் கெடுத்துவிட்டு, பெட்டியில் போடும் முன்பே தலைமை அலுவலரிடம் திருப்பிக் கொடுத்தால் அது பழுதான வாக்குச்சீட்டு எனப்படும். அதற்கு ஈடாக அவர் புதிய சீட்டைப் பெறலாம். எண்ணும்போது தள்ளப்படும் செல்லாத வாக்கு வேறு. பெட்டிக்குள் விழுந்த பிறகு எந்தப் பிழையையும் திருத்த முடியாது.

சட்ட அடிப்படை

பிரிட்டனில் ரகசிய வாக்கெடுப்பைக் கொண்டுவந்த 1872ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இந்த ஏற்பாடு இருந்தது. இந்தியாவில் இதை வகுப்பது, 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்துதல் விதிகளின் 41ஆம் விதி.

மாற்றித் தரும் முறை

சீட்டு கிழிந்தாலோ, மை கொட்டினாலோ, முத்திரை தவறிப் பட்டாலோ வாக்காளர் அதைத் தலைமை அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். தவறு வேண்டுமென்றே செய்ததல்ல என்று அலுவலர் ஏற்றுக்கொண்டால் வேறு சீட்டு வழங்கலாம். பழைய சீட்டிலும் அதன் அடிக்கட்டையிலும் ‘பழுதானது: ரத்து’ என்று அவர் குறிப்பார். முதல் சீட்டு கைக்கு வந்த பின்பே அடுத்தது தரப்படுவதால், ஒருவரிடம் ஒரே நேரத்தில் இரண்டு சீட்டுகள் இருக்க வழியில்லை. கை நடுங்கும் முதியவரும் முதன்முறை வாக்களிப்பவரும் ஒரு சிறு தவறால் உரிமையை இழக்காமல் காப்பது இந்த விதி. ஆகவே ஒவ்வொரு வாக்காளரும் இதை அறிந்திருப்பது நல்லது.

திருப்பித் தரப்பட்ட சீட்டு

சீட்டை வாங்கிய பின் வாக்களிக்க வேண்டாம் என்று முடிவு செய்பவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதிலும் அடிக்கட்டையிலும் ‘திருப்பித் தரப்பட்டது: ரத்து’ என்று எழுதப்படும். ரத்தான இவ்விரு வகைச் சீட்டுகளும் தனி உறையில் வைக்கப்படும். வாக்குப்பதிவு முடிந்ததும் படிவம் 16இல் தயாரிக்கப்படும் வாக்குச்சீட்டுக் கணக்கில், பெற்றவை, பயன்படாதவை, ரத்தானவை எல்லாம் இடம்பெறும். ஒரு சீட்டும் கணக்கிலிருந்து நழுவாதபோதுதான் முடிவின் மீது மக்களுக்கு நம்பிக்கை நிலைக்கும்.

வேறுபடுத்த வேண்டியவை

எச்சரித்த பிறகும் வாக்களிக்கும் நடைமுறையை மீறுபவரின் சீட்டு 39ஆம் விதிப்படி பறிக்கப்படும். அதில் பதிவான வாக்கும் எண்ணப்படாது. தன் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே வாக்களித்துவிட்டதைக் காண்பவர், உரிய விசாரணைக்குப் பின் 42ஆம் விதிப்படி ஆய்வுக்குரிய வாக்கு அளிக்கலாம். அந்தச் சீட்டு பெட்டியில் போடப்படாமல் தனி உறைக்குச் செல்லும். மின்னணு இயந்திரங்களுக்கு இதற்கு இணையான விதி, ‘சர்கார்’ (2018) திரைப்படத்தால் பரவலாக அறியப்பட்ட 49பி.

இன்றைய நிலை

2001 தமிழகச் சட்டமன்றத் தேர்தலிலும் 2004 மக்களவைத் தேர்தலிலும் எல்லாத் தொகுதிகளிலும் மின்னணு இயந்திரங்கள் பயன்பட்டன. இயந்திரத்தில் பொத்தானை அழுத்திப் பதிவான வாக்கை மாற்ற முடியாது. மாநிலங்களவைத் தேர்தலில் சீட்டு முறை தொடர்கிறது. தமிழக ஊரக உள்ளாட்சித் தேர்தல்கள் 2019இலும் 2021இலும் சீட்டு முறையிலேயே, தனி விதிகளின் கீழ் நடந்தன. வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் ஆகிய பதவிகளுக்காக, ஒரே வாக்காளர் பல நிறச் சீட்டுகளைக் கையாள வேண்டியிருந்தது.

தபால் வாக்குக்கும் பழுதான சீட்டை மாற்றிப் பெறும் வசதி உண்டு. 26ஆம் விதிப்படி, கெட்டுப்போன தாள்களைத் திருப்பி அனுப்பி, அது தற்செயலாக நேர்ந்தது எனத் தேர்தல் நடத்தும் அலுவலரை ஏற்கச் செய்பவருக்கு இரண்டாவது தொகுப்பு வழங்கப்படும்.