மலாக்கா: ஆற்றின் இரு கரைகள்

மலேசியாவின் மேற்குக் கரையில் உள்ள மலாக்கா நகரின் பழைய பகுதியை ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம். நடுவே சிறிய ஆறு. ஒரு கரையில் குன்றும் தேவாலயமும் கோட்டை வாயிலும். மறு கரையில் குறுகலான கடைத்தெருக்கள். ஆண்டவர்களின் சுவடுகளை ஒரு கரையிலும், வாங்கி விற்று வாழ்ந்தவர்களின் சுவடுகளை இன்னொரு கரையிலும் காண்கிறோம். இவற்றில் எது நிலைத்தது என்ற கேள்வியோடுதான் நாங்கள் அன்று முழுவதும் நடந்தோம்.

1400-ஐ ஒட்டிப் பரமேசுவரன் என்ற இளவரசன் நிறுவிய இந்த ஊரைப் பெருநகரமாக்கியது பருவக்காற்று. தென்மேற்குப் பருவக்காற்றில் இந்தியக் கப்பல்கள் வந்தன. வடகிழக்குப் பருவக்காற்றில் சீனக் கப்பல்கள் வந்தன. திரும்பிப் போகக் காற்று மாறும்வரை காத்திருக்க வேண்டும். சோழமண்டலக் கரையின் துணிகளும் மலுக்குத் தீவுகளின் கிராம்பும் பாண்டாத் தீவுகளின் சாதிக்காயும் இங்கே கைமாறின. வெவ்வேறு நாட்டு வணிகர்களின் நலனைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள், அதாவது துறைமுகத் தலைவர்கள், இருந்தார்கள். 1512 முதல் சில ஆண்டுகள் இங்கே தங்கியிருந்த போர்த்துகீசியர் தோமே பிரெஸ், இவ்வூரில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதியிருக்கிறார்.

குன்றின் மேல் நிற்பது 1521-இல் போர்த்துகீசியர் எழுப்பிய தேவாலயத்தின் கூரையற்ற சுவர்கள். புனித பிரான்சிஸ் சேவியரின் உடல் கோவாவுக்குப் போகுமுன் 1553-இல் சில மாதங்கள் இங்கேதான் இருந்தது. சுவரோரமாகச் சாத்தி வைத்திருக்கும் ஆளுயரக் கல்லறைக் கற்கள் பின்னால் வந்த டச்சுக்காரர்களுடையவை. அடிவாரத்தில் ஒற்றைக் கோட்டை வாயில். 1511-இல் நகரைப் பிடித்த அல்புக்கர்க், பள்ளிவாசல்களையும் சுல்தான்களின் கல்லறைகளையும் இடித்த கற்களைக்கொண்டு இந்தக் கோட்டையைக் கட்டினார். 1641-இல் டச்சுக்காரர் அதைக் கைப்பற்றினர்; வாயிலின் மேல் அவர்கள் பொறித்த 1670 என்ற ஆண்டு இன்றும் தெரிகிறது. 1807-இல் ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்தபின் எஞ்சியது இந்த வாயில் மட்டுமே. சந்தையைக் கைக்குள் வைத்திருப்பதற்கென்று கட்டிய கோட்டை இன்று அடையாளத்துக்கு ஒரு வாசலாக நிற்கிறது.

அந்தக் கோட்டைக் கதையில் நம்மவர் ஒருவரும் உண்டு. போர்த்துகீசிய ஏடுகள் அவரை ‘நீனா சாட்டு’ என்கின்றன. சோழமண்டல வணிகர், இந்து. சுல்தானிடம் சிறைப்பட்டிருந்த போர்த்துகீசியருக்கு அவர் உதவினார். அதற்குக் கைம்மாறாக அல்புக்கர்க் அவரைப் பெண்டஹாரா என்னும் பெரும் பதவியில் அமர்த்தினார். மூன்றே ஆண்டுகளில், 1514-இல், அரசியல் வசதிக்காக அந்தப் பதவி கம்பார் நாட்டு அரசருக்குப் போனது. அவமானம் தாளாத வணிகர் சந்தனக் கட்டைகளை அடுக்கித் தீ மூட்டி அதில் இறங்கினார் என்று போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அதிகாரத்தின் கரைக்குப் போன வணிகனின் கதி இது.

1511-இல் சண்டை உச்சத்தை எட்டியதும் ஆற்றுப் பாலத்தில்தான். இன்றைய பாலத்தைக் கடந்தால் ஜோங்கர் தெரு. வார இறுதி மாலைகளில் இது இரவுச் சந்தையாகிவிடுகிறது. நியோன்யா பெண்களின் மணி கோத்த செருப்புகள், பழம்பொருள் கடைகளின் பீங்கான் தட்டுகள், இறால்குஞ்சில் செய்த சிஞ்சலோக் குப்பிகள். நாங்கள் வாங்கியது ‘குலா மலாக்கா’. தென்னம்பாளையின் பதநீரைக் காய்ச்சி உருளையாக வார்த்த வெல்லம். கருப்பட்டி தின்று வளர்ந்த நாக்குக்கு அது அந்நியமாகப்படவில்லை. பிளாஸ்டிக் பூக்களும் பொம்மைகளும் சுமந்த சைக்கிள் ரிக்சாக்கள் பாட்டை அலறவிட்டபடி போயின. ஓட்டுநர் மலாய்க்காரர், பயணி சீனர், ஒலித்தது இந்திப் பாட்டு. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பக்கத்துத் தெருவில் சில நிமிட நடைக்குள் மூன்று வழிபாட்டிடங்கள். 17-ஆம் நூற்றாண்டின் செங் ஹூன் தெங் சீனக் கோவில். இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748-இல் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசல். தெய்வநாயகம் செட்டியின் தலைமையில் 1781-இல், டச்சு அரசு கொடுத்த நிலத்தில் கட்டப்பட்ட பொய்யாத விநாயகர் கோவில். பள்ளிவாசலின் கூரை மூன்றடுக்கு. மினாரைச் சீன பகோடா என்றே நினைக்கத் தோன்றும்.

விநாயகர் கோவிலைக் கட்டியவர்களின் வழிவந்தோர் மலாக்கா செட்டிகள். காற்றுக்காகக் காத்திருந்த தமிழ் வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான சமூகம். டச்சுக் காலத்தில் வணிகம் நலிந்தபின் காஜா பெராங் பகுதிக்குப் போய் உழவில் இறங்கினார்கள். மாரியம்மனை இன்றும் கும்பிடுகிறார்கள். போகியன்று முன்னோருக்குப் படைக்கிறார்கள். வீட்டில் பேசுவது மலாய். தமிழ் போய்விட்டது.

மொழியை உயிர் என்று சொல்லி வளர்ந்த நமக்கு இது உறுத்தத்தான் செய்கிறது. மொழி போனபின் தமிழர் என்று எதை வைத்துச் சொல்வது? ஆனால் தாய்மொழியைப் பிடித்துக்கொண்டு யாரையும் மணக்காமல் தனித்திருந்தவர்கள் ஐந்நூறு ஆண்டுகள் அங்கே நிலைத்திருப்பார்களா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. அவர்கள் கொடுத்தது பெரிய விலை. அதற்கு ஈடாக ஓர் ஊர் கிடைத்தது.

கடைத்தெருவும் தன் பங்குக்குக் கொஞ்சம் தமிழைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. மலாய் மொழியில் கடைக்குக் ‘கெடாய்’, கப்பலுக்குக் ‘கப்பால்’, முதலுக்கு ‘மொடால்’, பெட்டிக்குப் ‘பெத்தி’. இவை அரசாணையால் போனவை அல்ல. விலை பேசிய வாய்களின் வழியே போனவை. யுனெஸ்கோ 2008-இல் மலாக்காவை உலகப் பாரம்பரிய நகரமாக்கியது. அதற்கும் முன்பிருந்தே மலேசியா முழுக்க எல்லா இனத்தாரும் தங்கள் பெயர்ப்பலகைகளில் நம் ‘கடை’யை எழுதிக்கொண்டிருக்கிறார்கள், அது எங்கிருந்து வந்தது என்ற நினைப்பே இல்லாமல்.