வாவியின் இசையும் உளத்தின் சாய்வும்

மட்டக்களப்பு வாவியிலே நிலவு முதிர்ந்த இரவுகளில் நீரடியினின்று ஓர் இன்னொலி எழுவதுண்டு. துடுப்பின் ஒரு நுனியை நீருள் அமிழ்த்தி, மறுநுனியைச் செவியிற் பொருத்தி அதனைக் கேட்பர். 'மீன்பாடும் தேன்நாடு' என்னும் பெயர் இவ்வொலியாற் போந்ததே. ஒலி ஒன்றாயினும் கேட்டோர் கொண்ட கருத்துப் பலவாயின. மனிதசிந்தனையின் இயல்பை ஆராய்வார்க்கு இவ்வேறுபாடு தக்கதொரு சான்றாகும்.

இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற், 1848ஆம் ஆண்டு செத்தெம்பரில் கோட்டையருகே தோணியிற் சென்று இவ்வொலியைக் கேட்டார். மீனவர் அதனை ஊரியின் ஒலி என்றனர். அதனைத் தேடிக் கொணருமாறு பணித்தபோது, உயிருள்ள பலவகை ஊரிகளைக் கொணர்ந்தனர். ஊரியைத் தேடியோர்க்கு ஊரி அகப்பட்டதில் வியப்பில்லை. ஒலித்தது அதுவே என்பதற்கு அது சான்றுமன்று. ஆயினும் ரெனன்ற் அவ்வளவில் அமைந்தாரல்லர். தோணி அகன்றபோது ஒலி மறைதலையும், மீண்டபோது முன்னிடத்திலேயே எழுதலையும் நோக்கி, ஒலிக்கும் பொருள் இடம்பெயராதது என உய்த்துணர்ந்தார். 1859இல் வெளியான தமது இலங்கை நூலில் இதனைப் பதிந்தும் வைத்தார்.

கொண்ட கொள்கைக்கு இயைவனவற்றையே மனம் நாடும் என்பதைப் பிரான்சிஸ் பேக்கன் 1620இலேயே எடுத்துரைத்தார். 1960இல் பீற்றர் வேசன் அதனைச் சோதனையாற் காட்டினார். 2, 4, 6 என்னும் எண்களின் விதியைக் காணுமாறு கேட்கப்பட்டோருட் பலர், தம் ஊகத்துக்கு ஒத்த எண்களையே அடுக்கினர். அதனைப் பொய்ப்பிக்கக்கூடியவற்றை வினவினாரல்லர். விதியோ ஏறுவரிசை என்பதொன்றே.

உளநூலின் பிற நெறிகளும் இங்குத் துணையாகின்றன. தனித்தனி உணர்வுகளின் தொகையன்று காட்சி, முழுமையொன்றாகவே அது தோன்றும் என்பது 1912 முதல் வெர்தைமர் வளர்த்த நெறி. சிதறிய சிற்றொலிகள் செவியில் இசையாகத் திரள்வதை இதனால் விளங்கிக்கொள்ளலாம். முன்னறிவின் அச்சிலே நினைவு மீளவார்க்கப்படும் என 1932இற் பாற்லெற் நிறுவினார். மீன் என்று கேட்டு வளர்ந்தவன் மீன்பாட்டையே நினைவிற் கொள்வான்.

விஞ்ஞானப் பட்டதாரியாகிய விபுலாநந்த அடிகளோ, 1947இல் வெளிவந்த யாழ்நூலில், இவ்வொலியை நீரரமகளிரின் இசையாகப் பாடினார். அது பிழையன்று, கற்பனையைக் கற்பனையென்று அறிந்தே பாடினாராதலின். தான் கொண்ட ஊகத்தை ஊகமென்று அறியாது உண்மையென மயங்குதலே பிழை. ஆகவே, தன் கருத்துக்கு மாறான சான்று எங்கே கிடைக்கும் என்று தேடிச் செல்லுதலே கற்றார்க்குரிய கடனாகும். வாவியிலே தோணியை அகலச் செலுத்தி மீண்ட அச்செயல் அதற்கு எளியதோர் எடுத்துக்காட்டு.