பியூஜின் – 9: குச்சிகள் மூட்டிய தீ

லண்டன் மணிக்கோபுரத்தை பியூஜின் வரைந்த கதை இந்த வாரம் என்று சொல்லியிருந்தேன். ஆனால் அந்தக் கோபுரம் எழுவதற்குப் பழைய நாடாளுமன்றம் எரிந்தாக வேண்டும். எரித்தவை வண்டி வண்டியாய்க் கிடந்த குச்சிகள்.

வெறும் குச்சிகள் அல்ல. பல நூற்றாண்டுகள் இங்கிலாந்து கஜானாவின் கணக்கு அவற்றில்தான் இருந்தது. பணம் கட்டியதும் குச்சியில் வெட்டுப் போடுவார்கள். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கைக் கனம், நூறுக்குக் கட்டைவிரல், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு முற்றிய பார்லி மணி. பிறகு குச்சியை நெடுக்காகப் பிளந்து, நீளத் துண்டைக் கட்டியவர் கையில் கொடுப்பார்கள். குட்டைத் துண்டு கஜானாவில் இருக்கும். கணக்குப் பார்க்கும் நாளில் இரண்டையும் ஒட்டிவைத்தால் வெட்டோடு வெட்டும், மரத்தின் ரேகையோடு ரேகையும் பொருந்த வேண்டும். கையெழுத்தைக் கள்ளமாகப் போடலாம். ரேகையை யார் போடுவது? எழுத்தறியாதவரும் தடவிப் பார்த்தே தன் கணக்கை அறியலாம். இதைவிட நேர்மையான ரசீதை நான் கண்டதில்லை.

1826-இல் இந்த முறை ஒழிந்தது. 1834 அக்டோபர் 16 காலையிலிருந்து, மிஞ்சிய குச்சிகளைப் பிரபுக்கள் சபைக்கு அடியிலிருந்த உலைகளில் திணித்தார்கள். பிற்பகலில் சபையைப் பார்க்க வந்தவர்களுக்குத் தரைச் சூடு பூட்ஸையும் மீறி உறைத்தது. யாரும் உலையை அணைக்கவில்லை. மாலையில் கட்டடமே பற்றிக்கொண்டது. ஏழைகளுக்கு விறகாகக் கொடுத்திருக்கக் கூடாதா என்று பின்னாளில் டிக்கன்ஸ் கேட்டார். என் ஆத்திரமும் அதுதான்.

வேடிக்கை பார்த்த கூட்டத்தில் ஓவியர் டர்னர் இருந்தார். 22 வயது பியூஜினும் இருந்தார். அவர் வருந்தவில்லை. கட்டடக் கலைஞர் வையட் ஒட்டவைத்திருந்த சிமென்ட் சிகரங்கள் வெடித்துச் சிதறியதில் தனக்கு மகிழ்ச்சி என்றே கடிதம் எழுதினார். கல்லைப்போல் நடிக்கும் சிமென்ட் அவருக்குப் பாவம். இடைக்காலத்து வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் மட்டும் மரக்கூரையோடு தப்பியது.

புதிய கட்டடத்துக்கான போட்டிக்கு 97 வரைபடங்கள் வந்தன. வென்றவர் சார்லஸ் பேரி. அவர் அனுப்பிய தாள்களின் நுணுக்கமான கோடுகளை இழுத்த கை பியூஜினுடையது. கட்டடத்தின் அமைப்பு பேரியின் மூளை, மறுக்கவில்லை. ஆனால் சுவர்த்தாள், தரை ஓடு, மைக்கூடு வரை வரைந்துகொடுத்தவர் பியூஜின். 1852-இல் சர் பட்டம் பேரிக்குக் கிடைத்தது. அதே ஆண்டு பியூஜின் மனம் கலங்கி, 40 வயதில் இறந்தார். பேரியை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்தக் கலக்கத்துக்குச் சற்று முன்பு பேரிக்காக அவர் வரைந்ததுதான் மணிக்கோபுரம். அந்த நாட்களுக்கு அடுத்த வாரம் வருகிறேன்.

(தொடரும்)