கறுப்பு மழையும் ஒரு பெண்ணின் கல்யாணமும்



இன்று ஆகஸ்ட் 6. என்னிடம் எட்டாம் வகுப்பில் சமூக அறிவியல் படித்தவர்களுக்கு இந்தத் தேதி மறந்திருக்காது. மறந்தால் ஒரு மார்க் போச்சு என்று அத்தனை முறை சொல்ல வைத்திருக்கிறேன். ஹிரோஷிமா ஆகஸ்ட் 6, நாகசாகி ஆகஸ்ட் 9. ஆறைத் தலைகீழாகத் திருப்பினால் ஒன்பது, மாற்றி எழுதிவிடாதீர்கள் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன். நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரிப்பேன். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பாடத்தை அப்படித்தான் நடத்தினேன்.

பணி ஓய்வு பெற்ற பிறகு, உங்களில் ஒருவர் என்னைப் பார்க்க வந்தபோது ஒரு புத்தகம் கொடுத்துவிட்டுப் போனார். 'கறுப்பு மழை' என்ற ஜப்பானிய நாவல். எழுதியவர் இபுசே மசுஜி. ஜான் பெஸ்டர் என்பவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது. நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தோடு நின்றவள். ஆங்கில நாவல் என்றால் பக்கத்தில் அகராதி வேண்டும். படித்து முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. முடித்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏன் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். பதிவு நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாடப்புத்தகத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 1945 ஆகஸ்ட் 6, காலை 8.15 மணி. அமெரிக்க விமானம் ஒன்று வீசிய யுரேனியம் குண்டு, ஹிரோஷிமா நகரத்துக்கு மேலே சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. அந்த வருஷம் முடிவதற்குள் ஏறக்குறைய 1,40,000 பேர் இறந்தார்கள். மூன்று நாள் கழித்து நாகசாகி. ஆகஸ்ட் 15 அன்று ஜப்பான் சரணடைவதாக அதன் பேரரசர் வானொலியில் அறிவித்தார். போர் முடிந்தது. பாடமும் அத்தோடு முடிந்துவிடும். அடுத்த பாடம் ஐக்கிய நாடுகள் சபை.

இந்த நாவல் தொடங்குவதோ போர் முடிந்து ஐந்து வருஷம் ஆகப்போகும் சமயத்தில். தொடங்கும் இடம் ஹிரோஷிமா நகரமும் அல்ல. அங்கிருந்து வெகுதூரம் கிழக்கே, கொபதாகே என்ற மலைக் கிராமம். அங்கே ஷிகெமாட்சு என்ற நடுத்தர வயதுக்காரர். குண்டு விழுந்த நாளில் ஹிரோஷிமாவில் இருந்து, இடது கன்னத்தில் தீக்காயத்தோடு தப்பியவர். இப்போது கதிர்வீச்சு நோய் அவருக்கு இலேசாக இருக்கிறது. கடினமான வேலை செய்யக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருப்பதால், தன்னைப் போன்ற இன்னும் இரண்டு பேருடன் சேர்ந்து குளத்தில் மீன் பிடிக்கிறார், கெண்டைமீன் குஞ்சு வளர்க்கிறார். ஊரில் அவர்களை வேலைவெட்டி இல்லாமல் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் என்று கேலி பேசுகிறார்கள்.

ஆனால் ஷிகெமாட்சுவின் மனசை அரிப்பது தன் உடம்பு அல்ல. வீட்டில் அண்ணன் தங்கை உறவில் வந்த ஒரு பெண் இருக்கிறாள், யாசுகோ. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. நல்ல பெண், பார்க்கவும் அழகு. வரன் வருகிறது. வந்த வரன் ஊருக்குள் விசாரிக்கிறது. "அந்தப் பெண் குண்டு விழுந்தபோது ஹிரோஷிமாவில் இருந்தவள்" என்று யாரோ சொல்கிறார்கள். வரன் போய்விடுகிறது.

இவ்வளவுதான் கதை. இபுசே இந்த நாவலை 1965 ஜனவரியில் 'ஷின்சோ' என்ற இலக்கியப் பத்திரிகையில் தொடராக எழுதத் தொடங்கியபோது வைத்த தலைப்பே வேறு. 'மருமகளின் கல்யாணம்' என்பதுபோல ஒரு சாதாரணத் தலைப்பு. பாதியில்தான் 'கறுப்பு மழை' என்று மாற்றினார். 1966-ல் புத்தகமாக வந்து, அந்த வருஷமே நோமா இலக்கியப் பரிசு பெற்றது. 1989-ல் இமாமுரா ஷோஹெய் இதைக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்தார்.

அது என்ன கறுப்பு மழை? குண்டு வெடித்ததில் நகரம் முழுக்கத் தீப்பிடித்தது. புகைக்கரியும் தூசியும் கதிரியக்கத் துகளும் வானத்தில் எழும்பி, கொஞ்ச நேரத்தில் நகரத்தின் வடமேற்குப் பக்கமாக மழையாக இறங்கின. தார் கரைத்த மாதிரி கறுப்புத் துளிகள். அது விஷம் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

நாவலில் யாசுகோ குண்டு விழுந்த நேரத்தில் நகரத்துக்குள் இல்லை. வெளியே ஓரிடத்துக்கு வீட்டுச் சாமான்களை வைக்கப் போயிருந்தாள். தீக்காயம் இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. மாமாவையும் அத்தையையும் தேடித் திரும்பி வரும் வழியில் அந்த மழை அவள்மேல் பட்டது. கையில் விழுந்த கறை எத்தனை முறை கழுவியும் போகவில்லை என்று தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறாள். அவ்வளவுதான் அவளுக்கு நேர்ந்தது.

இப்போது கவனியுங்கள். மறுபடி ஒரு நல்ல வரன் வருகிறது. இந்த முறை ஏமாறக்கூடாது என்று ஷிகெமாட்சு தானே முந்திக்கொண்டு, யாசுகோவை மருத்துவரிடம் காட்டி, உடல்நலச் சான்றிதழ் வாங்கித் தரகருக்கு அனுப்புகிறார். அதுவே வினையாகிவிடுகிறது. கேட்காமலே சான்றிதழ் அனுப்புகிறார்களே, அப்படியென்றால் ஏதோ இருக்கிறது என்று சந்தேகம். குண்டு விழுந்த நாளிலிருந்து ஊர் திரும்பும் வரை அந்தப் பெண் எங்கெங்கே இருந்தாள் என்று விவரம் கேட்டுக் கடிதம் வருகிறது.

ஷிகெமாட்சு அவளுடைய நாட்குறிப்பைப் பிரதி எடுக்க உட்காருகிறார். கறுப்பு மழை வரும் பக்கத்துக்கு வந்ததும் கை நின்றுவிடுகிறது. அந்த இடத்தை விட்டுவிடலாமே என்கிறாள் மனைவி ஷிகெகோ. விட்டால் பொய், எழுதினால் கல்யாணம் நிற்கும். என்ன செய்வார் பாவம்? தன்னுடைய நாட்குறிப்பையும் சேர்த்து எழுதுகிறார். நகரத்தின் நடுவில் நெருப்புக்குள் நடந்த நானே உயிரோடு இருக்கிறேன், வெளியே இருந்த பெண்ணுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று காட்டுவதற்காக.

ஹிரோஷிமாவில் நடந்தது முழுவதும் நமக்குத் தெரிய வருவது இப்படித்தான். ஆற்றில் மிதந்த உடல்கள், அடையாளம் தெரியாமல் போன முகங்கள், புரோகிதர் கிடைக்காமல் ஷிகெமாட்சுவே மந்திரம் படித்து அனுப்பி வைத்த பிணங்கள், எல்லாமே ஒரு கல்யாணத்துக்காக எழுதப்பட்ட அத்தாட்சிக்குள் வருகின்றன. ஆனால் அவர் பிரதி எடுத்துக்கொண்டிருக்கும்போதே யாசுகோவுக்கு நோய் வெளிப்பட்டுவிடுகிறது. கூச்சத்தால் யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கிறாள். வரனும் போய்விடுகிறது.

இதில் வருவதெல்லாம் வெறும் கற்பனை இல்லை. ஷிகெமாட்சு ஷிசுமா என்று உண்மையிலேயே ஒருவர் இருந்தார். அவருடைய நாட்குறிப்பை வைத்துத்தான் இபுசே எழுதினார். பெயரை முன்பின்னாக மாற்றிக் கதாபாத்திரத்துக்கு வைத்தார். மூல நாட்குறிப்பு 2001-ல் தனிப் புத்தகமாகவும் வந்துவிட்டது. குண்டுவீச்சில் பிழைத்தவர்களை ஜப்பானில் 'ஹிபாக்குஷா' என்பார்கள். கல்யாணத்திலும் வேலையிலும் ஒதுக்கப்படுவோம் என்று பயந்து, தாங்கள் ஹிபாக்குஷா என்பதையே மறைத்து வாழ்ந்தவர்கள் அங்கே ஏராளம். பிறக்கும் பிள்ளைக்கும் அந்தக் கேடு வரும் என்ற பயம்தான் காரணம். அவர்களுடைய பிள்ளைகளைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தும், அப்படிப் பரம்பரையாகத் தொடர்வதற்குத் தெளிவான சான்று இதுவரை கிடைக்கவில்லை. பயத்துக்குச் சான்று தேவைப்படவில்லை. பயந்தவர்கள் கேட்ட சான்றையெல்லாம் பாதிக்கப்பட்டவர்கள்தான் தர வேண்டியிருந்தது.

இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடி வைத்தேன். என் கதை ஒன்று ஞாபகம் வந்துவிட்டது.

ஊரும் வருஷமும் சொல்ல மாட்டேன். என்னிடம் படித்து முடித்துப் போன ஒரு பெண்ணுக்கு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்கூடத்துக்கே வந்து என்னிடம் விசாரித்தார்கள். "பொண்ணு எப்படி டீச்சர்? நோய்நொடி ஒண்ணும் இல்லையே?" நம் பக்கத்தில் இது வழக்கம்தான். பெண்ணுக்கு வாத்தியாரம்மா சாட்சி.

அந்தப் பெண் எட்டாம் வகுப்பில் ஒருமுறை வகுப்பிலேயே மயங்கி விழுந்திருக்கிறாள். காலையில் சாப்பிடாமல் வந்ததுதான் காரணம். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்டதும் அது நினைவுக்கு வந்தது. ஒரு நொடி தயங்கினேன். பிறகு, "நல்ல பொண்ணும்மா. இப்ப நல்லாத்தான் இருக்கா" என்றேன்.

பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த 'இப்ப' என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அப்படியென்றால் முன்னே என்ன, என்று அவர்கள் ஊருக்குள் விசாரிக்கப் போனார்கள். சம்பந்தம் நின்றுவிட்டது. சில நாள் கழித்துப் பஸ் நிறுத்தத்தில் அந்தப் பெண்ணின் அம்மா என்னைப் பார்த்து, "நீங்க என்ன டீச்சர் சொன்னீங்க?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் பஸ் வந்துவிட்டது என்று ஏறிப் போய்விட்டேன்.

அணுகுண்டையும் இதையும் ஒன்றாக வைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆனால் கொபதாகே கிராமத்தில் யாசுகோவைப் பற்றி விசாரித்தவர்களோ, பதில் சொன்னவர்களோ கெட்டவர்கள் இல்லை. என்னைப் போன்றவர்கள்தான். குண்டு போட்டவனை வெறுப்பது சுலபம். நல்ல மனசோடு ஒரு சந்தேகத்தைச் சொல்லிவிட்டுப் போகிறவரை என்ன செய்வது?

அக்கம்பக்கத்தார் மட்டுமல்ல, அரசாங்கமும் இப்படித்தான் கேட்டது. பிழைத்தவர்களுக்கான மருத்துவ உதவிச் சட்டம் ஜப்பானில் வந்ததே 1957-ல்தான். கறுப்பு மழையில் நனைந்தவர்களுக்காக 1976-ல் வரைபடத்தில் ஒரு எல்லை வரைந்தார்கள். கனமழை பெய்த பகுதி என்று ஏறக்குறைய 19 கிலோமீட்டர் நீளம், 11 கிலோமீட்டர் அகலம். கோட்டுக்கு உள்ளே இருந்தவர்களுக்கு உதவி, வெளியே இருந்தவர்களுக்கு இல்லை. மழை கோடு பார்த்தா பெய்யும்? வெளியே விடப்பட்டவர்கள் கடைசியில் வழக்குப் போட்டார்கள். 2020 ஜூலையில் ஹிரோஷிமா மாவட்ட நீதிமன்றமும், 2021 ஜூலை 14-ல் உயர் நீதிமன்றமும் 84 பேரை ஹிபாக்குஷா என்று ஏற்றன. அரசு மேல்முறையீடு செய்யவில்லை. குழந்தையாக அந்த மழையில் நனைந்தவர்கள், "ஆமாம், உங்கள்மேல் மழை பட்டது" என்ற ஒரு வார்த்தையைக் கேட்பதற்கு 76 வருஷம் ஆயிற்று. தீர்ப்பு வருவதற்குள் வழக்குப் போட்டவர்களில் சிலர் இறந்தே போனார்கள்.

யாசுகோவுக்கு மழை படவில்லை என்று நிரூபித்தால்தான் கல்யாணம். இவர்களுக்கு மழை பட்டது என்று நிரூபித்தால்தான் மருந்து. இரண்டு பக்கமும் நிரூபிக்க வேண்டியவர் நனைந்தவர்தான். 1,40,000 என்ற எண்ணை உங்களை மனப்பாடம் செய்ய வைத்த நான், இந்தக் கணக்கைச் சொல்லித் தரவில்லையே என்பதுதான் என் வருத்தம். அந்த எண் 1945 டிசம்பரோடு முடிகிறது. இது முடியவில்லை.

நாவலின் கடைசியில், ஆகஸ்ட் 15 அன்று, எல்லாரும் பேரரசர் பேச்சைக் கேட்க வானொலி முன்னால் கூடும்போது ஷிகெமாட்சு மட்டும் வெளியே போய் ஓடையைப் பார்க்கிறார். விலாங்குக் குஞ்சுகள் தண்ணீரை எதிர்த்து மேலே ஏறிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பகுதியையும் எழுதிப் பிரதியை முடித்துவிட்டு, எதிரே இருக்கும் மலையைப் பார்க்கிறார். அங்கே வண்ண வானவில் ஒன்று தோன்றினால் யாசுகோ பிழைப்பாள் என்று மனசுக்குள் குறி பார்க்கிறார். நடக்காது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் பார்க்கிறார்.

அந்த நாட்குறிப்பை என்ன செய்ய நினைத்தார் தெரியுமா? ஊர்த் தொடக்கப்பள்ளியின் நூலகத்துக்குக் கொடுக்க. அதற்காகவே, பேனா மை மங்கிவிடும் என்று தூரிகையால் எழுதினார். பிள்ளைகள் படிப்பார்கள் என்று நம்பினார். ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியைக்கு இதைவிடப் பெரிய பொறுப்பு வேறென்ன வேண்டும்?

உங்களில் பலருக்கு இப்போது கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள். யாராவது வந்து யாரைப் பற்றியாவது விசாரிப்பார்கள். பதில் சொல்லும்போது உங்கள் டீச்சர் சொன்ன அந்த 'இப்ப'வை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்ணும் என் முகநூல் நட்பில் இருக்கிறாள். பிறகு வேறு இடத்தில் நல்லபடியாகக் கல்யாணம் ஆகிவிட்டது. அதனால் நான் செய்தது இல்லை என்று ஆகிவிடாது. கண்ணு, நீ இதைப் படித்தால் உனக்கே புரியும். உன் அம்மா அன்றைக்குக் கேட்டதற்கு இதுதான் பதில். பஸ்ஸில் ஏறாமல் அங்கேயே நின்று சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் டீச்சர்