குடக்கு எங்கே போனது?

சிலமலையில் நின்றுகொண்டு மேற்கு எது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. மலை நிற்கிற பக்கம் மேற்கு. ஆனி ஆடியில் காற்று இறங்கி வருகிற பக்கம் மேற்கு. “மேக்க கருத்திருக்கு” என்று ஒருவர் சொன்னால், அடுத்தவர் காயப்போட்டதை எடுக்க ஓடுவார். போடியிலிருந்து போடிமெட்டுக்குப் போகிற சாலையில் வளைவுக்கு மேல் வளைவாக ஆயிரம் மீட்டர் ஏறிவிட்டால் ஏலக்காடு. மேற்கே போவதும் மேலே போவதும் இங்கே ஒரே வேலைதான்.

சொல்லும் அதைத்தான் சொல்கிறது. மேல் என்பதிலிருந்து மேற்கு, கீழ் என்பதிலிருந்து கிழக்கு. கொட்டகுடி ஆறு மலையிலிருந்து இறங்கி, போடியைத் தாண்டிக் கிழக்கே போய் வைகையில் சேர்கிறது. தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே போகிறது என்பதும் மேலிருந்து கீழே போகிறது என்பதும் ஒரே வாக்கியம்.

ஆனால் இந்தத் திசைக்குத் தமிழில் இன்னொரு சொல் இருந்தது. குடக்கு. அதன் ஜோடி குணக்கு, அதாவது கிழக்கு. அகராதியில் குடக்கு என்று தேடினால் மேற்கு என்று வரும். பொருள் ஒன்று என்று மூடி வைத்துவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே திசையைக் காட்டினாலும் இரண்டு சொற்களும் வேறு வேறு வேலை பார்த்திருக்கின்றன.

புறநானூற்றின் ஆறாம் பாடலில் காரிகிழார், பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை வாழ்த்துகிறார். வடக்கே இமயம், தெற்கே குமரி, கிழக்கிலும் மேற்கிலும் கடல் என்று நான்கு எல்லைகளைச் சொல்கிறார். அங்கே கிழக்குக்கும் மேற்குக்கும் வருபவை குண, குட என்கிற வேர்களிலிருந்து வந்த சொற்கள். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து இறங்குகிற சரக்குகளின் பட்டியல் இருக்கிறது. சந்தனமும் அகிலும் குடமலையிலிருந்து வருகின்றன, பவளம் குணகடலிலிருந்து வருகிறது. சேரர் பக்கத்தில் குடநாடு. இளங்கோவடிகள் துறவு பூண்டு தங்கியதாகச் சொல்லப்படுவது குணவாயிற்கோட்டம்.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. கடல், நாடு, மலைத்தொடர், கோட்டம் எல்லாமே பெரிய விஷயங்கள். இன்றைக்கு மேப்பில் பெயர் எழுதத் தகுந்தவை. குடக்கு என்ற சொல்லுக்குள் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. அதை எங்கே வேண்டுமானாலும் எடுத்துப்போகலாம், சொல்பவர் எங்கே நிற்கிறார் என்று அது காட்டிக்கொடுக்காது. மன்னனின் எல்லையைப் பாட அது போதும். வயலுக்கு மடை திறக்கிறவருக்குத் தேவைப்பட்டது வேறு சொல்.

அந்த வேறு சொல்லைப் பிறகு கல்வெட்டுகளில் பார்க்கிறோம். சோழர் காலத்து நிலக்கொடைகளில் எல்லை சொல்கிற முறை ஏறக்குறைய ஒரு வாய்பாடு: கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை. கீழ்பாற்கெல்லை என்று தொடங்கி, இன்ன வாய்க்காலுக்கு மேற்கு என்று முடியும். நிலத்தின் கிழக்கு எல்லையைச் சொல்லும்போது வாக்கியம் ‘மேற்கு’ என்று முடிவது முதலில் குழப்பும். எல்லையிலிருந்து நிலத்தைத் திரும்பிப் பார்க்கிற பார்வை அது. இன்றைக்குப் பதிவாகிற கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். செக்குபந்தி என்று போட்டு, ஓடைக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு என்றுதான் எழுதியிருக்கும். ஆயிரம் வருஷமாக அதே பார்வை, அதே இரண்டு சொற்கள். நிலம் வாங்கி விற்றவர்கள், தண்ணீர் பாய்ச்சியவர்கள் எல்லாரும் மேலையும் கீழையும் பிடித்துக்கொண்டார்கள். குடக்கு செய்யுளோடு நின்றுவிட்டது.

இந்தச் சொல்லுக்குள் ஒரு மலைச்சரிவே இருப்பதை வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொண்டவர் ராபர்ட் கால்டுவெல். திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் இருந்தவர் அவர். அங்கிருந்து பார்த்தாலும் மலை மேற்கில்தான். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்டார், விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1875-இல் வந்தது. அவர் வாதம் எளிமையானது. மலையாளத்திலும் கிழக்குக்குக் கிழக்கு என்றுதான் பெயர். ஆனால் கேரளத்தில் நின்று பார்த்தால் கிழக்கில் மலை, மேற்கில் கடல். அங்கே கிழக்கு மேலே இருக்கிறது! அப்படியானால் அந்தச் சொல் மலைக்கு இந்தப் பக்கம் பிறந்து அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும்.

யோசித்துப் பார்த்தால் அசத்தலான வாதம்தான். குட்டநாட்டில் மழைக்காலத்தில் வயல்களை மூழ்கடிக்கிற வெள்ளத்தைக் ‘கிழக்கன் வெள்ளம்’ என்பார்கள். மலையிலிருந்து இறங்கி வருகிற வெள்ளம் அது. ‘கீழ்ப்பக்கத்து’ வெள்ளம் மேலேயிருந்து வருகிறது. சொல்பவருக்கு இதில் எந்த முரணும் படாது, ஏனென்றால் அவர் காதில் கிழக்கு வெறும் திசைப்பெயர்.

இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். தமிழ் தாய், மலையாளம் மகள் என்கிற சண்டை இணையத்தில் ஓயாமல் நடக்கிறது. அதில் கால்டுவெல்லின் இந்த ஒற்றைச் சொல்லை எடுத்துத் தீர்ப்பு எழுதிவிடுகிற ஆர்வம் நம் பக்கத்தில் நிறைய. அந்தச் சொல் நிரூபிப்பது இவ்வளவுதான்: நிலம் கிழக்கே சரிகிற ஊரில் அது உருவானது, இரு பக்கத்தாரும் ஒரு காலத்தில் அதைப் பகிர்ந்திருந்தார்கள். இன்றைய தமிழிலிருந்து மலையாளம் பிறந்தது என்று அது சொல்லவில்லை. நாம் பேசுகிற தமிழும் அந்தப் பழைய பேச்சின் பிள்ளைதான். இன்னொன்றும் உண்டு. மலையாளத்தில் மேற்கு ‘படிஞ்ஞாறு’. படுகிற ஞாயிறு. நிலத்தை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்து வைத்த பெயர். மேற்கை மாற்றிக்கொண்டவர்கள் கிழக்கை ஏன் அப்படியே வைத்துக்கொண்டார்கள்? சொற்கள் தர்க்கத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

வானத்தைப் பார்த்துப் பெயர் வைப்பது மலையாளத்துக்கு மட்டும் சொந்தமும் இல்லை. மட்டக்களப்பில் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. தெலுங்கில் மேற்கு படமர, அதிலும் அதே ‘படு’. ஆக மேற்கைக் குறிக்க நம்மிடம் மூன்று வழிகள் இருந்திருக்கின்றன. வெறும் திசையாகச் சொல்வது குடக்கு. சூரியனை வைத்துச் சொல்வது படுவான். தரையை வைத்துச் சொல்வது மேற்கு. வென்றது தரை.

1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் பிரிந்தபோது, தமிழர்கள் கேட்டும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. போடிமெட்டில் எல்லை அப்படியே நின்றது. அந்தப் பக்கம் பூப்பாறையில் ஏலக்காட்டு வேலைக்குப் போய்த் தங்கிவிட்ட தமிழருக்கு, மலை முகடு இப்போது கிழக்கில். தண்ணீர் மேற்கே அரபிக்கடலைப் பார்த்து ஓடுகிறது. ஆனாலும் அவர் சொல்கிற ‘மேக்க’, ‘கெழக்க’ முகட்டுக்கு இந்தப் பக்கத்துச் சரிவில் உண்டான சொற்கள். கால்டுவெல் சொன்னது எந்தக் காலத்திலோ நடந்து முடிந்த கதை இல்லை, நம் தாத்தா பாட்டி காலத்திலும் அது ஏலக்காட்டுப் பாதையில் ஏறிப் போயிருக்கிறது.

இன்று அந்தச் சரிவு சொல்லைவிட்டு மெல்ல வடிகிறது. பள்ளிக்கூடத்து மேப்பிலும் போனிலும் மேலே என்றால் வடக்கு. “சென்னை மேல இருக்கு, கன்னியாகுமரி கீழ இருக்கு” என்று நானும் சொல்கிறேன். சமவெளி நகரத்தில் வளர்கிற பிள்ளைக்கு மேற்கில் எந்த மேடும் தெரியாது. அவனுக்கு அது குடக்கைப் போல வெறும் பெயராகிவிடும். சிலமலையில் அப்படி ஆக இன்னும் ரொம்ப நாளாகும். அங்கே நிமிர்ந்து பார்த்தால்தான் மேற்கு தெரியும்.