வால்வின் ஓசையும் நாஞ்சில் நாட்டு மோட்டார்களும்

1938 பிப்ரவரி 20-ஆம் தேதி திருவாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் சமஸ்தானத்தின் போக்குவரத்து இலாகாவைத் தொடங்கி வைத்தபோது, லண்டனிலிருந்து தருவிக்கப்பட்ட ஸால்டர் துரையின் மேற்பார்வையில், இங்கிலாந்திலிருந்து வந்த 60 காமர் சேஸிகளின் மேல் உள்ளூர்த் தொழிலாளரே கூடு கட்டி முடித்திருந்த பஸ்கள், பெர்க்கின்ஸ் டீசல் யந்திரங்களுடன் சாலையில் இறங்கின. நெல்லையும் ஏரிகளையும் கோயில்களையும் பற்றி விஸ்தாரமாக எழுதுகிற, அன்று அச்சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த நாஞ்சில் நாட்டின் சரித்திரக்காரர்கள், யந்திரத்தின் ஓசையைச் செவியால் பரீட்சித்து அதன் கோளாறை அறியும் தொழில் இம்மண்ணில் வேரூன்றியதைப் பற்றி அதிகம் பேசாதது எனக்குப் பெருங்குறையாகவே தோன்றுகிறது.

யுத்தம் வந்தது, 1941-இல் பெட்ரோலுக்குப் பங்கீடும் வந்தது. பெட்ரோல் கிடைக்காத வண்டிகளில் சில கரிவாயுவில் ஓடின. அவ்வாயுவிலிருந்த தார் வால்வின் தண்டில் படிந்து அதை இறுகச் செய்தது. மற்றவை செட்டுகளில் நிறுத்தப்பட்டன. நிறுத்திய வண்டி கெடாது என்று நினைப்பது, தென்மேற்கு, வடகிழக்கு என்னும் இரு பருவ மழைகளையும் பெற்று, உப்புக்காற்றும் ஓயாது வீசுகிற இந்தக் கன்னியாகுமரி ஜில்லாவில் பெரும் பிழையாகும். ஏனெனில் யந்திரம் எந்த நிலையில் நின்றாலும் ஏதேனும் ஒரு சிலிண்டரில் வால்வு திறந்தே இருக்கும். அவ்வழியே ஈரக்காற்று உட்புகுந்து, வால்வு வந்து அமரும் விளிம்பையும், தண்டு ஏறியிறங்கும் கைடையும் துருவேற்ற, மேலிருந்த எண்ணெயோ அதற்குள் சம்ப்புக்கு வடிந்து, கேமும் ராக்கரும் உலர்ந்துவிடும்.

ஆதலால், நெடுநாள் நின்ற வண்டியில் முதற்காரியமாக ஸ்டார்ட்டரை அழுத்துவதை நான் எவ்வகையிலும் ஒப்புக்கொள்ளேன். பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு ஊறவைத்து, ராக்கர் மூடியைத் திறந்து, ஹாண்டிலால் மெல்லச் சுற்றியபடி ஒவ்வொரு வால்வும் சம அளவில் ஏறி இறங்குகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். இறுகிப்போன வால்வை யந்திர பலத்தால் தள்ளினால் வளைவது புஷ் ராடே. உத்தரபாராவில் செய்யப்பட்ட ஆதி அம்பாஸிடரின் 1476 சி.சி. யந்திரத்தில் வால்வுகள் பக்கவாட்டில் இருந்தமையால் அங்கே ராக்கர் மூடியே கிடையாது. பிளாக்கின் பக்கத்திலுள்ள தகட்டைக் கழற்றியாக வேண்டும். 1959-இல் 1489 சி.சி. யந்திரம் வந்த பின்னரே வால்வுகள் மேலேறின. பக்கவாட்டு வால்வுள்ள பழைய ஃபோர்டு வி-8 இதைவிடக் கடினம்: டேப்பெட்டுக்கும் வால்வுத் தண்டுக்கும் உள்ள இடைவெளியைத் திருத்த அதில் திருகு இல்லை, தண்டின் நுனியையே தேய்க்க வேண்டும், சற்று அதிகமாகத் தேய்த்துவிட்டால் அந்த வால்வு வீண்தான்.

யந்திரம் ஓடத் தொடங்கிய பிறகு செவிக்கு வேலை. கிராங்க் இருமுறை சுற்றும்போது கேம் ஒருமுறையே சுற்றுவதால், டேப்பெட்டின் டக் டக் ஓசை, பேரிங்கின் இடிப்பைக் காட்டிலும் பாதி வேகத்தில் எழும். ஓசை எந்த வால்வினது என்பதில் ஐயமிருந்தால், ராக்கருக்கும் தண்டுக்கும் இடையே ஃபீலர் கேஜின் தகட்டைச் செருகிப் பார்க்கலாம். ஓசை அடங்கினால் அதுவே குற்றவாளி. இனி, ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவாயிருப்பின், பிளக் துவாரத்தின் வழியே சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் சோதித்தல் நலம்: கம்ப்ரஷன் ஏறினால் குறை ரிங்கிலும், ஏறாவிடில் பெரும்பாலும் வால்விலும் இருக்கிறது. இவ்வளவு எளிய சோதனையைச் செய்யாமலே ஹெட்டைக் கழற்றுவோரைக் காணும்போது எனக்கு வருத்தமே உண்டாகிறது.

1956 நவம்பர் 1-இல் இந்த ஜில்லா சென்னை ராஜ்யத்துடன் இணைந்தது. 1959-இல் சென்னையில் வால்வு செய்வதற்கென்றே ஒரு கம்பெனியும் தோன்றியது. ஆயினும் பழைய வண்டிகளைப் பொறுத்தவரை விசேஷமான மாறுதல் 2000 பிப்ரவரி 1-ஆம் தேதியன்று நேர்ந்ததே என்பது என் அபிப்பிராயம். அன்றுமுதல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோலே விற்கலாயிற்று. அதற்கு முன், எரிந்த ஈயத்தின் படிவு எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்புக்கும் வார்ப்பிரும்புத் தளத்துக்கும் நடுவில் நின்று தேய்மானத்தைத் தடுத்துவந்தது. அது போனபின், நெடுந்தூரம் வேகமாக ஓடும் பழைய வண்டியில் தளம் தேய்ந்து, வால்வு ஹெட்டுக்குள் மேலும் மேலும் புதைய, டேப்பெட் இடைவெளி கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது. ஓசை தணிந்ததென்று உடையவர் மகிழ்ந்திருக்கையில், வால்வோ முழுதும் மூட இயலாமல் விளிம்பு கருகத் தொடங்கும். ஆகவே இத்தகைய வண்டிகளில் ஓசையற்ற டேப்பெட்டையும் கேஜ் கொண்டு அளக்க வேண்டும். இடைவெளி தொடர்ந்து சுருங்கிவரின், ஹெட்டைக் கழற்றித் தளத்தில் கடினமான உலோக வளையம் பதிப்பதே தக்க சிகிச்சை.