சிறு தோட்டங்களில் தப்பிய தக்காளி



இத்தாலிச் சாப்பாடு என்றதும் தக்காளிதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் தக்காளி அந்த மண்ணின் பயிரல்ல. அது அமெரிக்கக் கண்டத்துக்குச் சொந்தமானது. ஸ்பானியர் 1521இல் மெக்சிகோவின் அஸ்டெக் தலைநகரைக் கைப்பற்றினார்கள். அதன் பிறகுதான் தக்காளி கடல் கடந்து ஐரோப்பாவுக்குப் போனது.

1544இல் மத்தியோலி என்ற இத்தாலிய மருத்துவர் இந்தப் புதிய காயைப் பற்றி எழுதினார். அதை அவர் கத்தரிக்காயோடு சேர்த்தே வைத்தார். அந்தக் கத்தரிக்காயை ஸ்பெயினுக்கும் சிசிலிக்கும் அறிமுகப்படுத்தியவர்கள் முஸ்லிம்கள். இத்தாலியர் கத்தரிக்காய்க்கு இன்றும் சொல்லும் 'மெலன்சானா' என்ற பெயர்கூட 'பாதின்ஜான்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். தக்காளிக்கு அவர்கள் வைத்த பெயர் 'பொமொதோரோ', அதாவது பொன் ஆப்பிள்.

ஆனாலும் அது சமையலறைக்குள் நுழைய நெடுங்காலம் எடுத்தது. 1690களில் நேபிள்ஸில் அந்தோனியோ லத்தீனி வெளியிட்ட சமையல் நூலில் தக்காளிச் சோஸ் ஒன்று வருகிறது. அதற்கு அவர் கொடுத்த பெயர் 'ஸ்பானிய முறை'. நேபிள்ஸ் அப்போது ஸ்பானியர் ஆட்சியில் இருந்தது.

அதன் பின் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக நல்ல காயைத் தெரிந்து விதை எடுத்து வந்தார்கள். அதனால் ஊருக்கொரு இனம் உருவானது. ஜெனோவா பக்கத்தில் வரிவரியாக மடிப்பு விழுந்த 'கொஸ்தொலூத்தோ'. வெசூவியஸ் எரிமலைச் சரிவில் குலையாகக் கட்டித் தொங்கவிட்டு மாரிகாலம் வரை வைத்துச் சாப்பிடும் சிறிய 'பியென்னொலோ'. அதே எரிமலைக்குக் கிட்ட, சார்னோ ஆற்றுச் சமவெளியில், நீளமான, சதைப்பற்றான 'சான் மார்சானோ'.

தகரத்தில் அடைக்கப்பட்டு உலகமெங்கும் போனது இந்தச் சான் மார்சானோதான். ஆனால் அதற்குக் கம்பு நட்டுக் கட்ட வேண்டும். காய்கள் ஒரே நேரத்தில் பழுக்காது. பல தடவை கையால் பறிக்க வேண்டும். 1970, 80களில் வைரஸ் நோயும் பரவியது. செலவு குறைந்த கலப்பின விதைகள் சந்தைக்கு வந்தன. பெரிய தோட்டங்கள் பழைய இனத்தைக் கைவிட்டன. அது அழிந்துபோகாமல் காத்தது சிறு விவசாயிகள் விடாமல் எடுத்து வைத்த விதைகள். அவற்றைத் திரட்டித்தான் அந்த இனத்தை மீட்டார்கள். 1996இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும் வழங்கியது.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. கலப்பினக் காயிலிருந்து விதை எடுத்தால் அடுத்த தலைமுறை தாய்ச்செடி மாதிரி வராது. வருடா வருடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். பரம்பரை இனம் அப்படியல்ல. தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால், வீட்டு வளவில் எடுக்கும் விதையும் அநேகமாக இனம் மாறாது.

செய்முறையும் லேசானது. நோயில்லாத செடியில் நன்றாகப் பழுத்த பழத்தை எடுங்கள். விதையைச் சாறோடு ஒரு கோப்பையில் இரண்டு மூன்று நாள் புளிக்க விடுங்கள். விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பு கரைந்துவிடும். தண்ணீர் ஊற்றினால் நல்ல விதை அடியில் தங்கும். அதைக் கழுவி, நிழலில் உலர்த்தி, இனத்தின் பெயரையும் வருடத்தையும் எழுதி வையுங்கள். ஈரம் படாமல் இருந்தால் நாலு வருடமாவது முளைக்கும், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் வீட்டில் உம்மாவோ வாப்பாவோ இப்படி எடுத்து வைத்த விதை ஏதும் இருந்தால், பக்கத்து வீட்டுக்கும் கொஞ்சம் கொடுங்கள்.